மூதூர்ப் பிள்ளை வைத்த கையெழுத்து

போன கிழமைப் பயிற்சி வகுப்பில் நீங்கள் என்னிடம் காட்டிய படிவத்தை நான் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வயது போய் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். மறதி இல்லை. கையில் வைத்திருந்தால் கிழித்திருப்பேன். தொற்றுநோய்க் காலத்தில் இளையோருக்கு உளவள ஆதரவு என்று மேலே பெரிய எழுத்தில் போட்டு, கீழே வரிசையாகக் கட்டங்கள். பதற்றமா, சோர்வா, நித்திரை வருவதில்லையா, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாயிற்றா. சரி அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போகலாம். இன்னொரு பெருந்தொற்று வந்தால் உதவும் என்று அதைச் செய்தவர் பெருமையாகச் சொன்னார். நானும் அப்படி ஒன்றைத்தான் நிரப்பினேன், தம்பிமார், தங்கச்சிமார். நிரப்பி நிரப்பியே ஒரு பிள்ளையைக் கைவிட்டுவிடப் பார்த்தேன்.

ஆகவே என்னுடைய கெட்டித்தனத்தைக் கேட்க வந்திருந்தால் எழும்பிப் போகலாம். சொல்லப்போவது என்னுடைய பிழையை. வேறு சிலரின் பிழையும் இடையில் வரும். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கொரோனா வந்த முதல் வருடம். உளவளத்துணை உத்தியோகத்தில் இருந்து நான் ஓய்வுபெறக் கொஞ்சக் காலமே இருந்தது. ஊரடங்கு என்றபடியால் கந்தோருக்குப் போக முடியாது. மேலிடத்தில் இருந்து அனுப்பும் பிள்ளைகளின் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, லிங்கநகர் வீட்டில் ஒரு கதிரையில் இருந்து ஒவ்வொரு நம்பராக அடிப்பேன். நம்பர் பிள்ளையுடையதாக இருக்காது. தகப்பனுடையது, தமையனுடையது, சில வேளை பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர்கள் லவுட்ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார்கள். "எப்படி இருக்கிறீங்கள் பிள்ளை?" என்று கேட்பேன். "சுகம் மிஸ்" என்று பதில் வரும். வீட்டார் முழுப்பேரும் காது கொடுத்துக்கொண்டு நிற்க, அந்தப் பிள்ளை வேறு என்னத்தைச் சொல்லும்? எனக்கு அது விளங்காமல் இல்லை. விளங்கியும் 'நலம்' என்று எழுதினேன்.

அந்தப் பட்டியலில்தான் மூதூர்க் கரையில் இருக்கும் அந்த முஸ்லிம் பிள்ளையும் இருந்தாள். பத்தொன்பது வயது, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். வாப்பா இறங்குதுறையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவருக்குக் காய்ச்சல் வந்து, இருமல் வந்து, ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போய், அந்தக் கிழமை முடியுமுன் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். உம்மாவையும் நோய் என்று வேறொரு சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளை வீட்டில் தனிமைப்படுத்தலில் இருந்தாள். வாப்பாவின் தம்பி, அவளுடைய சாச்சா, அடுத்த வளவில் இருந்து சாப்பாடு கொண்டுவந்து வைப்பார்.

உங்களில் சிலருக்கு அப்போது பள்ளிக்கூட வயது. ஆகவே சொல்லிவைக்கிறேன். அந்த நேரம் கொரோனாவில் இறந்தவர் யாராக இருந்தாலும் எரிக்கத்தான் வேண்டும் என்று இந்த நாட்டில் விதி இருந்தது. முஸ்லிம் என்றாலும் எரிப்பு. உலகம் முழுக்க அடக்கம் செய்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். இங்கே கேட்க ஆள் இல்லை. பிறகு ஒரு நாள் அடக்கம் செய்ய விட்டார்கள். அதற்கு முன் எரிந்தவர்கள் எரிந்ததுதான். அந்த வாப்பாவும் எரிந்துபோனார்.

என்னிடம் வந்த பட்டியலில் இது ஒன்றும் இல்லை. 'தந்தை இழப்பு, பெண், 19' என்று இருந்தது. நான் எடுத்தேன், ஆறுதல் சொன்னேன், மூக்கால் இழுத்து வாயால் விடுங்கோ என்று மூச்சுப் பயிற்சி சொன்னேன். செய்தாளா இல்லையா தெரியாது. 'ஒத்துழைக்கிறார்' என்று எழுதினேன். மூன்றாம் தரம் எடுத்தபோது அவள் தானாகவே ஒரு வசனம் சொன்னாள்.

"மிஸ், வாப்பாவ எரிச்சிட்டாங்க."

அதற்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கு முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். "மனசைத் தேற்றுங்கோ மகள். எங்கட ஆக்களையும் எரிக்கிறதுதானே. உடம்பு போனால் என்ன, உயிர் கடவுளிட்டப் போயிடும்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

சொல்லும்போது நல்ல வார்த்தை சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். என் அப்பாவையும் எரித்துத்தான் அனுப்பினோம். சாம்பலைக் கடலில் கரைத்த அன்று எனக்கு மனம் ஆறியது. எனக்கு ஆறியது அவளுக்கும் ஆறும் என்று தூக்கிக் கொடுத்தேன். மடைச்சி. அதற்குப் பிறகு எத்தனை தரம் அடித்தும் அவள் கதைக்கவில்லை. "புள்ள படுத்திருக்கா" என்று சாச்சா சொல்வார்.

அந்தக் கிழமை, மூதூரில் வீடு வீடாகப் போய்த் தாய், பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவமாது எனக்கு எடுத்தாள். அந்த ஊர்ப் பெண், என்னைவிட இருபது வயது இளையவள். சலாமும் இல்லை, குட்மோர்னிங்கும் இல்லை.

"மிஸ், அந்தப் புள்ளக்கிட்ட என்ன கதைச்ச நீங்க?"

"ஏன், என்ன பிழை?"

"என்ன பிழையா? எங்கட மையத்தக் குளிப்பாட்டுற தண்ணிய முதல்ல கையில ஊத்திப் பாப்பாங்க மிஸ். சூடு கூடினா மையத்துக்கு நோகுமெண்டு. தண்ணிச் சூட்டுக்கே அப்பிடிப் பாக்கிற ஆக்கள் நாங்க. நீங்க அவளுக்கு, எரிச்சா என்ன எண்டு சொல்லிருக்கீங்க."

பிறந்ததில் இருந்து இந்தச் சனத்தோடு ஒரே சந்தையில் மீன் வாங்கினேன், ஒரே பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு போனேன், அவர்கள் வீட்டுக் கலியாணங்களில் வயிறு முட்டச் சாப்பிட்டேன். இறந்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. உளவளத்துணை என்று சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கியது.

"அவ சாப்பிடுறல்ல மிஸ்" என்றாள் மருத்துவமாது. "உம்மா சுகமாகி வந்திட்டா. வந்து இவளோட கதைக்கிறல்ல. ஊர்ல ஒரு கதை அடிபடுது. போன்ல கேட்டா வராது. நேர்ல வாங்க."

ஊரடங்கில் மூதூருக்குப் போக வேண்டும் என்றால் பாஸ் வேண்டும். மேலதிகாரியிடம் கேட்டேன். "இது சென்சிட்டிவான விஷயம். நாங்கள் அரசியல் கதைக்கிற ஆக்களில்லை. பிள்ளையைச் சாந்தப்படுத்துற அலுவலை மட்டும் பாருங்கோ" என்றார். "ஆரைச் சேர் சாந்தப்படுத்துறது? எரிக்கச் சொன்னவை எல்லாரும் நல்ல சாந்தமாத்தான் இருக்கினம்" என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் பாஸைத் தந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

வாகனத்தைச் சந்தியிலேயே நிற்பாட்டிவிட்டு நடந்து போனேன். கந்தோர் வாகனம் வாசலில் நின்றால், பிள்ளைக்கு மூளை சுகமில்லை என்று விடியுமுன் ஊர் முடிவுகட்டிவிடும். முற்றத்தில் இரண்டு கதிரை போட்டிருந்தது, நடுவில் நல்ல இடைவெளி. மருத்துவமாது உம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கதை கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வந்து இருந்தாள். மாஸ்குக்கு மேலே தெரிந்த கண் இரண்டும் உள்ளுக்குப் போயிருந்தன.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை மகள். தெரியாமச் சொல்லிப்போட்டன். தெரியாமல் இருந்ததும் என்ர பிழைதான். என்னை மன்னிக்கோணும்."

அவள் கிணற்றடிப் பக்கம் திரும்பி உம்மாவைப் பார்த்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது இந்தத் தொழிலில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

பிறகு நேராகவே கேட்டேன். "சாகவேணும் எண்டு யோசனை வந்ததா மகள்?" இந்தக் கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேட்காதீர்கள். நாங்கள் கேட்டு அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்காமல் விட்டால்தான் அது பிள்ளையோடு தனியே கிடக்கும்.

"சாகவும் பயமா இருக்கு மிஸ்" என்றாள். "மறுமையில வாப்பா நிப்பாரே. என்னய ஏன் மகள் எரிக்கச் சொன்ன எண்டு கேட்டா, நான் என்னத்தச் சொல்ற?"

"நீங்கள் எங்க சொன்னனீங்கள்?"

"நான்தானே மிஸ் சைன் வெச்சன்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வீட்டை விட்டு இறங்கக் கூடாது என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியவர்கள், உடலை அடையாளம் காட்ட ஆள் வேண்டும் என்றதும் வாகனம் அனுப்பி அவளை ஏற்றிப்போயிருக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது உங்களுக்குத் தேவையில்லை. சாச்சா மோட்டார் சைக்கிளில் பின்னால் போயிருக்கிறார். எரிப்பதற்குச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். அவர் முடியாது என்று சொல்லிவிட்டு கேற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அந்த நேரம் பல குடும்பங்கள் அப்படித்தான் மறுத்தன. அதில் பிழை இல்லை. ஆனால் பிள்ளை உள்ளே தனிய. தலை முதல் கால் வரை மூடிக்கட்டிய ஒருவர் வந்து, அரைகுறைத் தமிழில், வாப்பாவின் சாமான்களை எடுக்க சைன் என்று ஒரு தாளை நீட்டினார். தாள் முழுக்கச் சிங்களம். அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வைத்தாள். ஒரு பையில் வாப்பாவின் மணிக்கூடு, போன், உடுத்திருந்த சாரம், தொப்பி எல்லாம் கொடுத்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவளிடம் சாச்சா கேட்டிருக்கிறார், "சைன் வெச்சியா?" என்று. ஓம் என்று சொல்லிவிட்டாள். பின்னேரம் எரித்துவிட்டோம் என்று தகவல் வந்தது. அன்றிலிருந்து ஊரில் ஒரே கதை. சாச்சா மறுத்தாராம், மகள் கையெழுத்து வைத்துக் கொடுத்தாளாம். உம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் காதில் விழுந்தது இதுதான். அன்றைக்கு மூடிய வாயை அவர் மகளிடம் திறக்கவில்லை.

நான் இந்தப் பிள்ளைக்குத்தான் மூக்கால் இழுத்து வாயால் விடச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

"உங்களில பிழை இல்லை மகள்" என்று சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கும் தெரியாது. தெரியாமல் ஒரு தரம் ஆறுதல் சொல்லிச் செய்த நாசம் போதும். "நான் போய் அந்தத் தாளைப் பாத்திட்டு வாறன். அதுவரைக்கும் நீங்கள் எனக்காக ரெண்டு வாய் சாப்பிடோணும், தனியப் படுக்கக் கூடாது" என்று கேட்டேன். மருத்துவமாது அவளோடு வந்து படுக்கத் தன் தங்கையை அனுப்பினாள். வைத்தியர் ஒருவருக்கும் அன்றைக்கே சொல்லிவைத்தோம்.

ஆஸ்பத்திரிக் கந்தோரில் என்னை இருக்கக்கூட விடவில்லை. நீங்கள் யார், உங்களுக்கு என்ன சம்பந்தம், இறந்தவர் உங்கட சொந்தமா? நானும் சத்தம் போட்டேன். இந்த வேலையில் சத்தம் போடக் கூடாது என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். பிள்ளைகளிடம் போடாதீர்கள். கந்தோர்களில் போடுங்கள். ஒரு பிள்ளை சாப்பிடாமல் செத்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் காரணம் உங்கள் அலுமாரியில் இருக்கிற ஒரு தாள், அதைக் காட்டாமல் இங்கிருந்து போகமாட்டேன் என்று கதவடியில் நின்றேன். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சிங்களக் கிளார்க், சின்ன வயது, அலுமாரியைத் திறந்து அந்த வாப்பாவின் கோப்புக்கட்டை எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவது போல எழும்பிப் போனான். பதவி உயர்வுக்காகப் படித்துத் தொலைத்த சிங்களம் எனக்கு அன்றைக்குத்தான் உதவியது.

கோப்பில் இரண்டு தாள் இருந்தது. ஒன்று பிள்ளை கையெழுத்து வைத்தது. மணிக்கூடு ஒன்று, போன் ஒன்று, சாரம் ஒன்று, தொப்பி ஒன்று, பெற்றுக்கொண்டேன். அவ்வளவுதான். மற்றது எரிப்பதற்கான அனுமதி. அதில் உறவினர் கையெழுத்து வைக்க விட்ட இடத்தில், மறுத்துவிட்டார் என்று பிள்ளை போன அன்றைய திகதியில் எழுதியிருந்தது. கீழே பெரிய ஆட்களின் கையெழுத்துகள். அவர்கள் அதில் கையெழுத்து வைத்த திகதி, பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முதல் நாள்.

முதல் நாளே எல்லாம் முடிந்திருக்கிறது. அவள் வைத்தாலும் எரித்திருப்பார்கள், வைக்காவிட்டாலும் எரித்திருப்பார்கள். சாச்சா மறுத்தும் எரித்தார்கள். மறுப்பு என்று அழகாக எழுதிவைத்துவிட்டு எரித்தார்கள். இவ்வளவு பெரிய அநியாயத்தைச் செய்தவர்கள் வீட்டில் சாப்பிட்டுப் படுக்கிறார்கள், அதன் பழியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை பட்டினி கிடக்கிறாள், அவளைச் சாந்தப்படுத்த அரசாங்கம் என்னைச் சம்பளம் தந்து அனுப்புகிறது. தூ.

பிள்ளை சோர்ந்து கிடந்தால் எல்லாவற்றையும் நோய் என்று எழுதிவிடாதீர்கள். நோய் இருந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள், அதில் வெட்கமோ தாமதமோ வேண்டாம். ஆனால் அதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அநியாயம் நடந்த இடத்தில் முதலில் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுங்கள். மூச்சுப் பயிற்சியைப் பிறகு பார்க்கலாம்.

அதன் பிறகும் மாதக்கணக்கில் மூதூருக்குப் போய்வந்தேன். நித்திரைக்கு மருந்து எடுத்தோம், நல்ல நாளும் வந்தது, கெட்ட நாளும் வந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் தாளைப் பார்த்ததற்கு அடுத்த நாள் பின்னேரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இந்த முறை உம்மாவையும் முற்றத்தில் இருக்கச் சொன்னேன். உம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லவா மகள் என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான். சாச்சாவும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். தாளைப் படம் எடுக்க முடியவில்லை, கையால் எழுதிவந்ததை வாசித்தேன். மணிக்கூடு, போன், சாரம், தொப்பி. பிறகு மற்றத் தாள், உறவினர் மறுப்பு, பிறகு திகதி.

பிள்ளை திகதியை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"அப்ப நான் போகக்குள்ளயே அவங்க முடிவெடுத்திட்டாங்களா?"

"ஓம். முதல் நாளே."

"நான் வெச்சது தொப்பிக்கும் சாரத்துக்குமா?"

"ஓம் மகள்."

எழும்பினாள். கதிரை பின்னால் விழுந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வேலிப் பக்கம் திரும்பினாள்.

"சாச்சா! நீங்க கேற்றுக்கு வெளிய நிண்டீங்க. நான் உள்ளுக்குப் போனன். தனியப் போனன். வாப்பாட முகத்தப் பாத்தது நான். நீங்க வந்து ஊருக்கு என்ன சொன்ன? மகள் சைன் வெச்சிட்டா எண்டா?" சாச்சா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாமச் சொல்லிட்டன் மகள்" என்றார். "தெரியாட்டி வாய மூடிட்டு இருந்திருக்கணும்!" என்றாள். அது எனக்கும் சேர்த்துத்தான், வாங்கிக்கொண்டேன். பிறகு அந்த ஆஸ்பத்திரிக்காரனை ஏசினாள், தாளை நீட்டியவனை ஏசினாள், முதல் நாள் கையெழுத்து வைத்த பெரிய ஆட்களை ஏசினாள். சந்திவரைக்கும் கேட்டிருக்கும். நான் பழக்கதோஷத்தில் அமைதிப்படுத்த எழும்பினேன். மருத்துவமாது என் கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். "விடுங்க மிஸ், ஏசட்டும்" என்றாள்.

கடைசியாக உம்மாவிடம் வந்தாள். "என்னோட ஒரு வார்த்த கதைக்கல்ல நீங்க. வாப்பாவும் இல்லாம, நீங்களும் இல்லாம நான் கிடந்தன். ஒரு வார்த்த, உம்மா!"

உம்மா எழும்பிக் குசினிக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பையில் சோறும் மீன் ஆணமும் போட்டுக்கொண்டு வந்தார். அவசரமாக ஊற்றியதில் ஆணக் குழம்பு விளிம்பால் வழிந்தது. மகளுக்கு முன்னால் வந்து நின்று, "சாப்பிடு மகள்" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"பொறுங்க உம்மா" என்றாள் பிள்ளை. "நான் இன்னும் ஏசி முடிக்கல்ல."

"சரி, ஏசு" என்று சொல்லிவிட்டு, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உம்மா அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.